நாகர்கோவிலில் அறை எடுத்துப் படிக்கிறவர்களுக்கு: சாப்பாடு, சமையல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு மாடி அறைகளில் கல்லூரிப் பிள்ளைகள்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். மதுரை, தர்மபுரி, விழுப்புரம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். வந்த முதல் மாதத்தில் எல்லாரும் கேட்பது படிப்பைப் பற்றி இல்லை, சாப்பாட்டைப் பற்றித்தான். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். நாகர்கோவிலை வைத்து எழுதியது என்றாலும் தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் தங்குகிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

அக்கா, இங்க எல்லாத்துலயும் தேங்காய், தேங்காயெண்ணெய். எங்களுக்கு ஒத்துக்குமா?

ஒத்துக்கொள்ளும். வயிறு பழகக் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேரும்வரை இந்த ஊர்கள் திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தவை. அதனால் கேரளச் சமையலான அவியலும் எரிசேரியும் (காயும் தேங்காயும் சேர்த்த கூட்டு) புளிசேரியும் (தேங்காய் அரைத்த மோர்க்குழம்பு) இங்கே விருந்துக்கு மட்டும் செய்கிற பண்டமாக இல்லாமல், வீட்டிலும் ஹோட்டலிலும் சாதாரணமாகப் புழங்குகின்றன. தேங்காயைக் கருக வறுத்து அரைக்கிற தீயலை ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். உள்ளித் தீயலுக்காகவே (உள்ளி என்றால் இங்கே வெங்காயம்) விடுமுறை முடியும் முன்னால் திரும்பி வந்த பிள்ளைகள் உண்டு.

முதல் இரண்டு வாரம் மட்டும் ஒரு வேளையாவது எளிய சாப்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். இட்லி, கஞ்சி, மோர்ச்சோறு போதும். வந்த அன்றே பரோட்டாவும் பொரித்த கோழியும் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தேங்காயெண்ணெயைக் குறை சொல்வது நியாயமில்லை.

சாப்பாடு சொன்னா குண்டு குண்டா சிவப்புச் சோறு வைக்கிறாங்க. வெள்ளைச் சோறு கிடைக்காதா?

கிடைக்கும். இலை போட்டதும், சோறு வைக்கும் முன்பே "வெள்ளைச் சோறு வேணும்" என்று சொல்லிவிடுங்கள். பல ஹோட்டல்களில் இரண்டும் இருக்கும்.

ஆனால் சிவப்புச் சோற்றை உடனே ஒதுக்கிவிடாதீர்கள். முழுக்கத் தீட்டாத அரிசி, அதனால் தவிடு ஓரளவு ஒட்டியிருக்கும். மெல்ல நேரமாகும், சீக்கிரம் பசிக்காது. மீன்கறிக்கும் புளிசேரிக்கும் இது பொருந்துவது போலப் பொன்னி அரிசி பொருந்தாது என்பது என் கட்சி. வழக்கமாகச் சாப்பிடும் அளவில் முக்கால் பங்கு போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

ஹோட்டல்ல குடிக்கச் சுடுதண்ணி வைக்கிறாங்களே, அதைக் குடிக்கலாமா?

குடிக்கலாம், அதைத்தான் குடிக்க வேண்டும். பெரும்பாலும் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்தது. ஆனால் கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து விளாவி வைக்கிற கடைகளும் இருக்கின்றன. அங்கே கொதிக்க வைத்ததால் வரும் பயன் போய்விடும். சந்தேகமாக இருந்தால் கையில் பாட்டில் கொண்டுபோங்கள். அறையிலும் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். மழைக்காலத்தில் இது கட்டாயம், இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு.

மெஸ்ஸா, ஹோட்டலா, சொந்தமா சமைக்கிறதா? எது லாபம்?

இந்தக் கேள்வியை மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற கேள்வியாகவே எல்லாரும் கேட்கிறார்கள். மூன்று வேளையும் ஹோட்டல் என்றால் காசும் வயிறும் தாங்காது. மூன்று வேளையும் சமைக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதல் உள்தேர்வு வந்ததும் விட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து நிலைத்து நின்ற வழி ஒன்றுதான்: சோறு அறையில், கறி வெளியில்.

காரணம் சொல்கிறேன். சோறு, கஞ்சி, முட்டை, பயறு ஆகியவற்றுக்கு ஒரு பாத்திரமும் பொறுமையும் போதும். இவற்றைக் கடையில் வாங்கும்போதுதான் காசு வீணாகிறது. புட்டு, ஆப்பம், அவியல், தேங்காய் அரைத்த மீன்கறி ஆகியவற்றுக்கு அரைக்க வேண்டும், ஆவி கட்ட வேண்டும், நாலைந்து பாத்திரம் கழுவ வேண்டும். அவற்றைக் கடையில் சாப்பிடுவதுதான் புத்திசாலித்தனம். ராத்திரி சோறு வைத்துவிட்டுத் தூக்குவாளியோடு போய்க் கறி மட்டும் வாங்கி வாருங்கள். தெருவோரச் சின்ன ஹோட்டல்களில் கறி மட்டும் கேட்டாலும் கொடுப்பார்கள். மதியம் கல்லூரியில் இருப்பீர்கள், அதற்குக் கேண்டீனோ மெஸ்ஸோ பார்த்துக்கொள்ளுங்கள். மதியம் மட்டும் மாதக்கணக்குக்கு ஒத்துக்கொள்கிற மெஸ்ஸைத் தேடிப் பிடியுங்கள். மூன்று வேளைக்கும் முன்பணம் கேட்கிற இடத்தில், வராத நாளைக் கழிப்பார்களா என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்கள்.

கையில் மிகவும் குறைவாக இருக்கும் நாட்களுக்கு அம்மா உணவகம் இருக்கிறது. 2013-இல் சென்னையில் தொடங்கிய திட்டம், நாகர்கோவிலிலும் உண்டு. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அங்கே போய்ச் சாப்பிடக் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

சமையலுக்கு முதல்ல என்னென்ன வாங்கணும்? லிஸ்ட் குடுங்கக்கா.

ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள சின்ன எலக்ட்ரிக் ரைஸ் குக்கர், ஒரு கத்தி, ஒரு கரண்டி, மூடியோடு இரண்டு பாத்திரம், ஒரு தூக்குவாளி, சின்ன இடிகல் ஒன்று. இவ்வளவுதான். மிக்ஸி முதல் வருடம் வேண்டாம்.

மளிகையில் அரிசி, சிறுபயறு, உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள், புளி, கால் லிட்டர் தேங்காயெண்ணெய், சின்ன உள்ளி, பூண்டு. காய்கறியை வடசேரி கனகமூலம் சந்தையில் போய் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால் மலிவாக முடியும். தேங்காயை முழுதாக வாங்கினால் இரண்டு நாளில் தீர்க்க வேண்டும். 

இண்டக்ஷன் ஸ்டவ் போட்டா பிளக் சூடாகுது. வீட்டுக்காரர் வேற திட்டுறார். என்ன செய்ய?

வீட்டுக்காரர் தரப்பிலிருந்து பதில் சொல்கிறேன். அவர் திட்டுவது கரண்ட் பில்லுக்காக மட்டும் இல்லை. அறையில் இருக்கும் சின்ன பிளக் 5 அல்லது 6 ஆம்பியருக்கானது. அதில் சுமார் 1200 வாட் வரைக்கும்தான் இழுக்கலாம். இண்டக்ஷன் ஸ்டவ் 1800, 2000 வாட் இழுக்கும். கெட்டில்கூட 1500 வாட் இருக்கும். இவற்றுக்கு 15 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும், அதை வீட்டுக்காரரிடம் கேட்டு எலக்ட்ரீஷியனை வைத்தே போட வேண்டும். பெரிய பிளக்கைச் சின்னதில் செருக ஓர் இணைப்பு கடையில் விற்கிறார்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். சுவருக்குள் இருக்கும் வயர் உருகினால் தீப்பிடிக்கும், உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

மேலே சொன்ன சின்ன ரைஸ் குக்கர் சுமார் 400 வாட்தான், சின்ன பிளக்கே போதும். அரைமணி நேரம் ஓடினால் யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். அதனால்தான் அதை முதலில் வாங்கச் சொல்கிறேன். இண்டக்ஷன் வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அடிப்பக்கத்தில் காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் சூடாகாது. அலுமினியம், மண்சட்டி இரண்டும் ஆகாது.

கேஸ்தான் வேண்டும் என்றால் 5 கிலோ சிலிண்டர் அடையாளச் சான்று காட்டினாலே ஏஜென்சியில் கிடைக்கும். வீட்டுக்காரர் சம்மதம் வாங்குங்கள், ஜன்னல் உள்ள இடத்தில் வையுங்கள். பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதில் நிரப்பித் தருகிற இடங்களுக்குப் போகவே வேண்டாம்.

சமையலே தெரியாது. முதல் நாள் என்ன வைக்கலாம்?

பயறுகஞ்சி. தப்பவே முடியாத சமையல் இது. காலையில் கல்லூரிக்குப் போகும்போது ஒரு பிடி சிறுபயறையும் அரைத் தம்ளர் சிவப்பரிசியையும் கழுவி, தனித்தனிக் கிண்ணத்தில் தண்ணீரில் போட்டு, மூடி நிழலில் வைத்துவிட்டுப் போங்கள். சாயங்காலம் ஊறிய தண்ணீரைக் கொட்டி, மறுபடி கழுவி, அரிசியைக் குக்கரில் போட்டு ஐந்து மடங்கு தண்ணீர் விடுங்கள். அரிசி பாதி வெந்ததும் பயறைச் சேருங்கள். இரண்டையும் முதலிலேயே ஒன்றாகப் போட்டால் அரிசி வேகும் முன்னே பயறு கரைந்துவிடும். நாலு பல் பூண்டைத் தட்டிப் போடுங்கள், கொஞ்சம் சீரகமும். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், நுரைத்துப் பொங்கி மேஜையெல்லாம் வழியும். மூடியை ஒரு கரண்டி வைத்துச் சற்றே திறந்து வையுங்கள்.

அரிசி மலர்ந்து, பயறு தோல் விரிந்து, கரண்டியில் எடுத்து ஊற்றினால் கொழகொழவென்று இறங்க வேண்டும். அப்போது உப்பும் ஒரு பிடி தேங்காய்த்துருவலும் போட்டு இறக்குங்கள். தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல். இடிகல்லில் முதலில் சுட்ட வற்றல்மிளகாயையும் உப்பையும் இடியுங்கள், பிறகு இரண்டு சின்ன உள்ளி, கொட்டைப்பாக்களவு புளி, கடைசியில் தேங்காய். தேங்காயை மைய இடிக்க வேண்டாம். பல்லில் படுகிற மாதிரி இருப்பதுதான் ருசி. மேலே ஒரு பப்படம் சுட்டுப் போட்டால் ஹோட்டல் பக்கம் போகத் தோன்றாது.

சிறுபயறுக்குப் பதில் உடைத்த கறுப்பு உளுந்தும் கொஞ்சம் வெந்தயமும் போட்டால் உளுந்தங்கஞ்சி. பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் நாட்களில் இதைத்தான் நான் வைத்துக் கொடுப்பது.

மீந்த சோற்றை மறுநாள் சாப்பிடலாமா? ஃபிரிட்ஜ் இல்லை.

தண்ணீர் ஊற்றி வைத்தால் சாப்பிடலாம். சோறு ஆறியதும் கொதித்து ஆறிய தண்ணீரை மூழ்க ஊற்றி மூடி வையுங்கள். காலையில் லேசாகப் புளித்திருக்கும். மோர், உள்ளி, பச்சைமிளகாய், முந்தின நாள் மீன்கறி இருந்தால் அதுவும் சேர்த்துச் சாப்பிடுங்கள். வெயில் காலத்துக்கு இதைவிட நல்ல காலைச் சாப்பாடு இல்லை. நூல் விட்டாலோ கெட்ட வாடை அடித்தாலோ கொட்டிவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றாமல் குக்கரிலேயே விட்ட சோற்றை மறுநாள் சூடு பண்ணிச் சாப்பிடுவதுதான் ஆபத்து. அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் வேக வைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வாந்தி எடுத்தவர்கள் பலரும் "நல்லா சூடு பண்ணித்தானே சாப்பிட்டேன்" என்பார்கள்.

மரச்சீனிக் கிழங்கு விஷமுன்னு சொல்றாங்களே? இங்க எல்லாரும் சாப்பிடுறாங்க.

இரண்டும் உண்மை. மரச்சீனி என்பது மரவள்ளிக் கிழங்குதான். பச்சைக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. முறையாக வேக வைத்தால் அது பெரும்பகுதி தண்ணீரிலும் ஆவியிலும் போய்விடும். பழுப்புத் தோலோடு, அதற்கு உள்ளே இருக்கும் தடித்த வெள்ளைத் தோலையும் சேர்த்து உரியுங்கள். சின்னத் துண்டாக நறுக்குங்கள். நிறையத் தண்ணீரில், பாத்திரத்தை மூடாமல் வேக வையுங்கள். வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள். பிரஷர் குக்கரில் அளவாகத் தண்ணீர் வைத்து வேக வைப்பது இதற்குச் சரிவராது. வாயில் வைத்தால் கசக்கிறது என்றால் அந்தக் கிழங்கே வேண்டாம். வெட்டினால் உள்ளே நீலக் கோடு ஓடியிருந்தால் பழையது. பிடுங்கி இரண்டு நாளுக்குள் சமைத்துவிட வேண்டும்.

திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைகளின் பசிக்காக இந்தப் பயிரை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரிசி கிடைக்காதபோது இங்கே பல குடும்பங்களைக் காப்பாற்றியது இந்தக் கிழங்குதான். வடித்த கிழங்கில் தேங்காய், பச்சைமிளகாய், சீரகம், மஞ்சள் தட்டிப் போட்டு மசித்தால் போதும். ஆனால் கிழங்கில் மாவுச்சத்து மட்டும்தான். அதோடு சாளை (மத்தி மீன்) கறி சேர்த்துச் சாப்பிடுகிற வழக்கம் ருசிக்காக மட்டும் வந்ததில்லை. மீனோ முட்டையோ பயறோ கூட இல்லாமல் கிழங்கு மட்டும் சாப்பிட்டு நாளை ஓட்டாதீர்கள்.

மீன் வாங்கத் தெரியாது. ஏமாத்திடுவாங்களோன்னு பயமா இருக்கு.

செவுளைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருந்தால் புதுசு, சாம்பல் கலந்த பழுப்பானால் வேண்டாம். கண் தெளிவாக, சற்றே புடைத்திருக்க வேண்டும். விரலால் அமுக்கினால் குழி மேலே எழும்ப வேண்டும். வயிறு வெடித்த சாளையை எடுக்காதீர்கள். இவ்வளவையும் பார்க்கிறீர்கள் என்று தெரிந்தாலே மீன் விற்கிற அம்மா நல்ல கூறாக எடுத்து வைப்பார். "நாங்க படிக்கிற பிள்ளைகள், ரெண்டு பேருக்குப் போதும்" என்று சொல்லிக் கேளுங்கள். சந்தையில் தனியாகக் காசு கொடுத்தால் மீனை வெட்டிக் கழுவிக்கூடத் தருவார்கள்.

மாணவர்களுக்குச் சாளைதான். மலிவு, சத்து அதிகம், கால் மணியில் வெந்துவிடும். நெய்மீனும் (வஞ்சிரம்) பெரிய இறாலும் ஊருக்குப் போகும்போது அப்பா வாங்கித் தரட்டும்.

மிக்ஸி இல்லாம மீன்கறி வைக்க முடியுமா?

முடியும். தேங்காய் அரைக்காத புளிமுளம் இருக்கிறதே. சின்ன உள்ளி, பூண்டு, பச்சைமிளகாய், கறிவேப்பிலையைக் கொஞ்சம் எண்ணெயில் வதக்குங்கள். இரண்டு கரண்டி மிளகாய்த்தூள், ஒரு கரண்டி மல்லித்தூள், கொஞ்சம் மஞ்சள். தூள் வாசம் மாறியதும் புளித்தண்ணீர், உப்பு. நன்றாகக் கொதித்துப் பச்சை வாடை போன பிறகு மீனைப் போட்டு, கரண்டி போடாமல் பாத்திரத்தைச் சுழற்றிவிடுங்கள். பத்து நிமிடத்தில் இறக்கி, மேலே ஒரு கரண்டி பச்சைத் தேங்காயெண்ணெய். புளி தூக்கலாக இருப்பதால் ராத்திரி நன்றாகக் கொதிக்க வைத்து மூடி வைத்தால் மறுநாள் காலைக்கும் ஆகும். காலையில் மறுபடி கொதிக்க வைத்தே சாப்பிடுங்கள்.

அறையில் மீன் பொரிக்க வேண்டாம் என்று நானே சொல்வேன். புகையும் வாடையும் பக்கத்து அறைக்குப் போகும். பொரித்த மீன் வேண்டுமென்றால் ஹோட்டல்தான்.

ஏப்ரல் மாசத்துல இருந்து மீன் விலை ஏறிட்டே போகுதே, ஏன்?

தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் 61 நாள் கடலுக்குப் போகக்கூடாது. கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடலுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தமிழ்நாட்டில் இரண்டு கடலும் உள்ள மாவட்டம் இதுதான். சின்னமுட்டம் முதல் தடையிலும், முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் எல்லாம் இரண்டாம் தடையிலும் வரும். வள்ளத்தில் (நாட்டுப்படகில்) போகிறவர்கள் கொண்டுவரும் மீன் மட்டும் அந்த நாட்களில் கிடைக்கும். அப்போது முட்டை, பயறு, கருவாடு என்று மாறிக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. கருவாட்டைச் சுடுதண்ணீரில் அலசி உப்பை இறக்கிவிட்டுச் சமையுங்கள்.

சூரை மீன் சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல முகம் சிவந்து அரிக்குது. இதுவரைக்கும் மீன் சாப்பிட்டு ஒண்ணும் ஆனதில்ல. திடீர்னு அலர்ஜி வருமா?

அலர்ஜியாக இல்லாமலும் இருக்கலாம். சூரை, அயிலை (கானாங்கெளுத்தி), சாளை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். அது சேர்ந்த மீனைச் சாப்பிட்டால் முகம் சிவக்கும், அரிக்கும், தலைவலிக்கும், நெஞ்சு படபடக்கும். எவ்வளவு வேக வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. நாக்கில் மிளகு பட்ட மாதிரி சுள்ளென்று இருந்தால் அப்போதே துப்பிவிடுங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கும். டாக்டரிடம் போனால் மருந்து கொடுப்பார். கூடச் சாப்பிட்டவர்களுக்கும் இதே போல ஆகியிருக்கிறதா என்று கேட்டுப் பார்த்து அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூச்சுத் திணறினாலோ, உதடும் நாக்கும் வீங்கினாலோ காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். இறால், நண்டு சாப்பிடும்போதெல்லாம் இப்படி ஆகிறது என்றால் அது அலர்ஜியாக இருக்க வாய்ப்பு அதிகம். மறுபடி தொட வேண்டாம்.

நான் சைவம். இங்க பாதி கடைகள்ல பீஃப், மீன். எனக்கு என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. புட்டு-கடலை, புட்டு-பயறு-பப்படம், ஆப்பம்-கடலைக்கறி, இடியாப்பம், அவியலும் எரிசேரியும் புளிசேரியும் வைத்த சாப்பாடு. புட்டோடு மட்டிப்பழம் பிசைந்து சாப்பிடுங்கள். விரல் நீளத்துக்குத்தான் இருக்கும், வாசனை அறை முழுக்க வரும். 2023-இல் கன்னியாகுமரி மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கலப்புக் கடையில் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். பரோட்டாவுக்கு ஊற்றுகிற சால்னா எது, வடை பொரிக்கிற எண்ணெயில் வேறு ஏதாவது பொரிக்கிறார்களா. கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். கூட வரும் நண்பன் பீஃப் சாப்பிடுகிறான் என்றால் அது அவன் சாப்பாடு, முகம் சுளிக்க வேண்டாம். உங்கள் இலையில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தினமும் ராத்திரி ரெண்டு பரோட்டா. தப்பா?

தினமும் என்றால் வேண்டாம். மைதாவும் எண்ணெயும்தான், நார்ச்சத்து கிடையாது. வாரத்தில் ஒரு நாள் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள், கூட ஒரு முட்டை சொல்லுங்கள்.

சாயாக்கடைல வடையைப் பேப்பர்ல தர்றாங்க. பரவாயில்லையா?

அச்சடித்த பேப்பரில் சூடான எண்ணெய்ப் பண்டம் பட்டால் மை உணவில் இறங்கும். உணவுப் பாதுகாப்புத் துறையே இதைக் கூடாது என்கிறது. "இலையில குடுங்க அண்ணாச்சி" என்று கேளுங்கள், இந்த ஊரில் வாழையிலைக்குப் பஞ்சமில்லை. பார்சலுக்குத் தூக்குவாளியைக் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, சூடான சாம்பாரை அதில் வாங்கவே கூடாது. ரசவடை இதுவரை சாப்பிடாதவர்கள் கடையிலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். அது பார்சலுக்கு ஆனதில்லை, ஊறிப் பொதுபொதுவென்று கிண்ணத்தில் இருக்கும்போதே சாப்பிட வேண்டும்.

ஷவர்மா, மயோனைஸ் பயமில்லாம சாப்பிடலாமா?

மயோனைஸ் வேண்டாம். பச்சை முட்டையில் செய்து வெளியே வைத்தால் கிருமி வளரும். பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடையே போட்டது. ஷவர்மா வாங்கினால் கூட்டம் உள்ள நேரத்தில், கண் முன்னால் கம்பியில் நன்றாக வெந்த பகுதியை மட்டும் வெட்டித் தருகிற கடையில் வாங்குங்கள். வாங்கிய இடத்திலேயே சாப்பிடுங்கள். அறைக்குக் கொண்டுபோய்ப் பாதியை நள்ளிரவுக்கு வைப்பதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம்.

பில்லுல ஜிஎஸ்டி போட்டிருக்காங்க. ஒரு கடைல போடுறாங்க, ஒரு கடைல இல்லை. ஏமாத்துறாங்களா?

சாதாரண ஹோட்டலுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. சின்னக் கடைகள் பல பதிவுக்குள் வராது, அல்லது சின்ன வியாபாரிகளுக்கான தொகுப்புத் திட்டத்தில் (காம்போசிஷன்) இருக்கும். அந்தத் திட்டத்தில் இருப்பவர்கள் உங்களிடம் வரி வாங்கக்கூடாது. ஆகவே பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாமல் வரி மட்டும் இருந்தால் பணிவாகக் கேட்கலாம். கடையில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கத்தில் இருக்க வேண்டும், பில்லிலும் வர வேண்டும்.

ஓணம், கிறிஸ்துமஸ் லீவுல மெஸ் மூடிட்டா? மழைல கரண்டும் போயிட்டா?

ஓணத்துக்கும், டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் இங்கே உள்ளூர் விடுமுறை. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நாட்களிலும் சின்னக் கடைகள் பலவும் சாத்தியிருக்கும். முந்தின நாளே வாங்கி வையுங்கள். இங்கேயே தங்குகிறவர்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பண்டிகை நாளில் மாடியில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் இந்த ஊரில் பாயசமும் பலகாரமும் ஏறி வரும்.

2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதனால் அடுப்பில்லாமல் சாப்பிட ஒன்று அறையில் எப்போதும் இருக்கட்டும். சிவப்பு அவல் அரைக்கிலோ, கருப்பட்டி, மட்டிப்பழம். கொதித்து ஆறிய தண்ணீரில் அவலைப் பத்து நிமிடம் நனைத்து, கருப்பட்டியை இடித்துப் போட்டு, தேங்காய் இருந்தால் துருவிச் சேர்த்துப் பழத்தோடு பிசையுங்கள். வயிறு நிறையும்.

மாசக் கடைசி. கையில 200 ரூபாய், இன்னும் நாலு நாள் இருக்கு. என்ன செய்யலாம்?

முதலில் இருப்பைப் பாருங்கள். அரிசி, பயறு, புளி, தூள் இருந்தால் பாதி கவலை தீர்ந்தது. காலைக்கு முந்தின நாள் ராத்திரி வைத்த சோற்றைத் தண்ணீர் ஊற்றி, மதியத்துக்கு அம்மா உணவகம், ராத்திரிக்குப் பயறுகஞ்சி. எல்லாவற்றுக்கும் முறை மேலே இருக்கிறது. காசில் முதலில் நாலு முட்டையும் ஒரு தேங்காயும் வாங்குங்கள், நாளுக்கொரு முட்டை. சாளை மலிவாக வந்த நாளில் ஒரு கூறு வாங்கிப் புளிமுளம் வைத்தால் இரண்டு வேளைக்கு ஆகும். பேருந்துக்குக் காசை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

சாப்பிடாமல் மட்டும் இருக்காதீர்கள். பட்டினி கிடந்து வகுப்பில் மயங்கி விழுந்த பிறகுதான் சில பிள்ளைகளின் நிலைமை எனக்கே தெரிய வந்தது. அறைத்தோழனிடம், இல்லையென்றால் கீழ்வீட்டில் வந்து சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்குச் சோறு வடிப்போம். ஏழரைக்குள் சொன்னால் கூட ஒரு உழக்கு போட்டுவிடலாம்.